இடமும் வினையும்

பெருந்துன்பம் நிகழ்ந்த ஓரிடத்தில் பின்வந்தவர்கள் மகிழ்ந்து விளையாடுவது தர்மத்துக்கு உகந்ததுதானா என்னும் வினா, கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், ஆராயப் புகுந்தவனை எளிதில் விடுவதில்லை. மனிதர் நடமாடும் நிலப்பரப்பில் எவ்வளவோ பகுதி ஒரு காலத்தில் போர்க்களமாகவோ, கொலைக்களமாகவோ, பஞ்சத்தில் மாண்டவர்களின் இடுகாடாகவோ இருந்திருக்கிறது. அவ்விடங்களையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் வாழவேண்டும் என்று விதித்தால் கால் வைக்க இடமிராது. எல்லா இடமும் அப்படித்தானே என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் எண்ணாமல் நடந்துபோய்விடுவதும் மனச்சாட்சி உடையவர்க்கு இயல்வதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நெறி இருந்தாகவேண்டும். அந்நெறி யாது என்பதை, இங்கிலாந்து தேசத்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்துக் கோட்டையை முன்னிட்டு விசாரிக்க விரும்புகிறேன்.

ஊஸ், ஃபாஸ் என்னும் இரு நதிகள் ஒன்றுகூடும் இடத்துக்கு அருகே, 1068-ஆம் ஆண்டில், இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசன் வில்லியம் மண்ணைக் குவித்து ஒரு செய்குன்றை எழுப்பி, அதன் உச்சியில் மரத்தாலான கோட்டை ஒன்றை அமைத்தான். வென்ற ஊரை அச்சுறுத்தி அடக்கி வைப்பதற்கென்றே எழுந்த மேடு அது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவனுடைய சேனை வடநாட்டுக் கிராமங்களைக் கொளுத்திப் பயிரையும் தானியத்தையும் அழித்தமையால், வாளுக்குத் தப்பிய ஜனங்கள் பசிக்கு இரையானார்கள். இன்று அக்குன்றின்மேல் நிற்பது கல்லாலான கிளிஃபர்ட் கோபுரம்; நான்கு வட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நாலிதழ்ப் பூவின் வடிவாக அமைந்த அபூர்வமான கட்டடம். 1684-இல் நேர்ந்த ஒரு தீவிபத்தில் அதன் உட்புறம் அழிந்தது. அதுமுதல் கூரையற்ற கூடாகவே நின்ற அதற்குள், அண்மையில் மரத்தால் மேல்தளமும் நடைபாதைகளும் அமைத்து, 2022-இல் மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் அங்கே குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. செங்குத்தான படிகளில் பிள்ளைகள் போட்டியிட்டு ஓட, பாட்டிமார் கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டே ஏறுகிறார்கள்; உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் யார்க் மின்ஸ்டர் என்னும் பேராலயம் கப்பலைப்போல் எழுந்து நிற்கக் காணலாம். கீழே இறங்கியவர்கள் முற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்து இப்போது காட்சிசாலையாக விளங்கும் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, ஊஸ் நதியின் கரையோடு சிறிது தூரம் நடந்து, மியூசியம் கார்டன்ஸ் என்னும் பூங்காவை அடைவார்கள். அங்கே புனித மரியாள் மடத்தின் இடிந்த வளைவுகளுக்கு அடியில், புல்தரையில் துணியை விரித்து, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்பார்கள். அணில்களுக்குப் பின்னால் ஓடும் குழந்தைகளின் கூச்சலில் பொழுது போகும். இல்லறத்தாருக்கு இதைவிடக் குற்றமற்ற உல்லாசம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்குன்றின் அடிவாரத்தில், படிகள் தொடங்கும் இடத்துக்கு அருகே, 1978-இல் பதிக்கப்பட்ட ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1190-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் தேதி இரவு அங்கே மடிந்த யூதர்களின் ஞாபகமாக அது நாட்டப்பட்டது. அவ்விருத்தாந்தத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதை அறியாமல் நம் வினாவின் கனத்தை உணர இயலாது.

அந்நாளைய இங்கிலாந்தில் யூதர்களின் நிலை விசித்திரமானது. வட்டி வாங்குவது பாபம் என்று திருச்சபை கிறிஸ்தவர்களுக்கு விலக்கியிருந்தது. மற்றப் பிழைப்புகளின் வாயில்களோ யூதர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. ஆகவே லேவாதேவியே அவர்களில் பலருக்கு ஜீவனமாயிற்று. அரசனுடைய சொந்த உடைமையைப்போல் அவர்கள் கருதப்பட்டார்கள். அவன் அவர்களைக் காப்பான். வேண்டியபோது அவர்களிடமிருந்து வேண்டிய பொருளைக் கறந்துகொள்வான். கடன்பட்ட பிரபுக்களுக்கு யூதன்மேல் கோபம், அவனிடம் வரி வாங்கும் அரசன்மேலும் கோபம். இரண்டாவது கோபத்தை வெளியிட அஞ்சியவர்கள் முதலாவதை மும்மடங்காக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் சிலுவைப் போருக்கான பிரசங்கம் சேர்ந்தது. தூரதேசத்தில் உள்ள அந்நிய மதத்தாரை அழிக்கப் புறப்படுகிறவன், அண்டை வீட்டில் உள்ள அந்நிய மதத்தானை ஏன் விட்டுச் செல்லவேண்டும் என்னும் கேள்வி, கடன்காரனின் கணக்குக்கு மிகவும் இசைவாக வந்து பொருந்திற்று.

1189 செப்டம்பரில் முதலாம் ரிச்சர்டு முடிசூடிய நாளன்று லண்டனில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். காணிக்கையோடு போயிருந்த யார்க் நகரத்து யூதப் பெரியவர் பெனடிக்ட் என்பவர் அடித்துக் காயப்படுத்தப்பட்டு, வலிந்து ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டார்; மறுநாள் அரசன் முன்னிலையில் தாம் யூதரே என்று துணிந்து சொன்ன அவர், அக்காயங்களாலேயே பின்பு உயிர் துறந்தார். அரசன் போருக்காகக் கடல் கடந்து சென்றபின், வெறுப்பு ஊர் ஊராகப் பரவி, மார்ச்சு மாதத்தில் யார்க்கை அடைந்தது. பெனடிக்டின் வீட்டைச் சூறையாடி அவருடைய விதவையையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். எஞ்சிய யூதர்கள், ஜோஸ் என்னும் தங்கள் தலைவரோடு, அரசனுடைய கோட்டையையே அடைக்கலமாகக் கொண்டு அம்மரக்கோபுரத்துக்குள் புகுந்தார்கள். கோட்டைத் தலைவன் வெளியே சென்று திரும்பியபோது, அவன் தங்களைக் காட்டிக்கொடுக்கப் போயிருந்தான் என்று அஞ்சி அவனுக்குக் கதவைத் திறக்க மறுத்தார்கள். அவன் அப்பகுதியின் அரச அதிகாரியான ஷெரீப்பிடம் முறையிட, ஷெரீப் நாட்டுப்புறத்துப் படைவீரர்களை அழைக்க, காக்கவேண்டிய கோட்டையைக் காக்கவேண்டியவர்களே முற்றுகையிட்டார்கள்.

இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர், யார்க்குக்கு வடக்கே நியூபர்க் மடத்தில் வாழ்ந்த வில்லியம் என்னும் கிறிஸ்தவத் துறவி. வெள்ளுடை தரித்த ஒரு துறவி முற்றுகையிட்டோரை நாள்தோறும் ஊக்கிவந்தார் என்றும், காலையில் பூசையை முடித்துவிட்டுத்தான் அவர் அவ்வேலைக்கு வந்தார் என்றும், மதிலிலிருந்து உருண்ட ஒரு கல் அவரைக் கொன்றது என்றும் வில்லியம் சொல்கிறார். மார்ச்சு 16-ஆம் தேதியாகிய அந்த வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்கா பண்டிகைக்கு முந்திய ஓய்வுநாள் பிறந்திருந்தது. இனித் தப்பும் வழியில்லை என்று கண்டபோது, பிரான்சு தேசத்து ஜுவாஞி என்னும் ஊரிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த யூத சமயகுருவான ரபி யோம் தோவ், கொலைஞர் கையில் விழுவதைவிட, மதத்தை விடுவதைவிட, தம் கையாலேயே உயிரை ஆண்டவனுக்குத் திருப்பித் தருவது மேல் என்று எடுத்துரைத்தார். கணவர்கள் மனைவியரையும் தந்தையர் குழந்தைகளையும் கொன்றார்கள். கோபுரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மறுநாட்காலையில், ஞானஸ்நானம் பெற்றால் உயிர்ப்பிச்சை உண்டு என்ற வாக்கை நம்பி வெளியே வந்த சிலரையும், வாக்குக் கொடுத்தவர்களே வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர் சுமார் 150 பேர்.

கொலை முடிந்த கையோடு கொலைஞர்கள் செய்த அடுத்த காரியம், நடந்ததன் உட்பொருளை வெட்டவெளிச்சமாக்குகிறது. நேரே பேராலயத்துக்குச் சென்று, அங்கே பாதுகாப்பில் இருந்த கடன்பத்திரங்களைப் பறித்து, ஆலயத்தின் உள்ளேயே எரித்தார்கள். சான்ஸலரான லாங்சாம்ப் சேனையோடு வந்து நகரத்தாருக்கு அபராதம் விதித்தார். ஷெரீப்பையும் கோட்டைத் தலைவனையும் பதவியிலிருந்து நீக்கினார். முன்னின்றவர்களோ ஓடிப்போயிருந்தார்கள். அவர்களுள் ஒருவனான ரிச்சர்டு மலபீஸ் பறிபோன தன் நிலங்களைப் பின்னர்த் திரும்பப் பெற்றான். ஒருவர்கூட இக்கொலைக்காக மரண தண்டனை அடையவில்லை. 1194-இல் ராஜாங்கம் ஒரு சட்டம் செய்தது. அதன்படி யூதர்களின் கடன்பத்திரங்களுக்கு இரட்டைப் பிரதி எழுதி, பூட்டிய பெட்டகங்களில் வைக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எரிந்த உயிர்களிலிருந்து அரசு கற்றுக்கொண்ட பாடம், பத்திரத்தைக் காக்கவேண்டும் என்பதே. நூறாண்டு கழித்து, 1290-இல், முதலாம் எட்வர்டு யூதர்கள் யாவரையும் இங்கிலாந்தைவிட்டே வெளியேற்றினான்.

இத்தகைய இடத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு படியேறலாமா? இரண்டு விடைகள் வழக்கத்தில் உண்டு. ஆகாது, அவ்விடம் பாபத்தால் பற்றப்பட்டது, அதைத் தொடாமல் விலகுவதே மரியாதை என்பது ஒன்று. யார்க்கில் யூதர்கள் தங்கக்கூடாது, அங்கே ஓர் இரவும் கழிக்கக்கூடாது என்று முற்காலத்து ரபிமார் விலக்கு விதித்ததாக ஒரு நம்பிக்கை இங்கிலாந்து யூதர்களிடையே நெடுங்காலம் நிலவிவந்தது. அத்தகைய விலக்குக்கு ஆதாரம் எதையும் சரித்திர ஆசிரியர்கள் கண்டுபிடிக்கவில்லை. படுகொலைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே யூதர்கள் அந்நகரத்துக்குத் திரும்பி வந்து வாழ்ந்தார்கள் என்பதும், அடுத்த நூற்றாண்டில் யார்க் நகரத்து ஏரன் என்பவர் தேசத்தின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக விளங்கினார் என்பதும் உறுதி. ஆயினும் அந்நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. கல்லில் பொறிக்க எவரும் இல்லாத காலத்தில், கால் வைக்காமல் இருப்பதொன்றே அவர்களால் எழுப்ப முடிந்த நினைவுச்சின்னமாக இருந்தது.

எனினும் தத்துவ விசாரத்தில் அவ்விடை நிற்காது. இன்று நாம் தொடும் கற்சுவர்கள் அவ்விரவைக் கண்டவை அல்ல; எரிந்த மரக்கோபுரத்தின் இடத்தில் மீண்டும் எழுந்த மரக்கட்டடமும் 1228-இல் சூறைக்காற்றில் சாய்ந்தபின், 1245-க்குப் பிறகே மூன்றாம் ஹென்றியின் ஆணையால் இக்கற்கோபுரம் எழுந்தது. அன்றிருந்தது அந்த மண்மேடு ஒன்றே. மண்ணுக்குச் சங்கற்பம் இல்லை. சங்கற்பம் இல்லாததற்கு வினையும் இல்லை. பாபம் என்பது செய்கிறவனுடைய சித்தத்தைப் பற்றி நிற்பது. அதைச் சித்தமற்ற பொருளின்மேல் இறக்கி வைப்பதில் பெரியதோர் அபாயம் உண்டு. கோட்டையைச் சபித்து ஒதுக்கினால், கோட்டைக்குள் விரட்டியவனை மறந்துவிடுகிறோம். இடம் கெட்டது என்று சொல்லும்போது, அவ்விடத்தைவிட்டு அகன்றால் அக்கேட்டைவிட்டும் அகன்றுவிடலாம் என்னும் பொய்யான ஆறுதல் பிறக்கிறது. கடனும், வதந்தியும், பக்திவேஷம் பூண்ட துவேஷமும், கடமையைக் கைவிட்ட அதிகாரமும் எங்கே கூடினாலும், அவ்விடம் எதுவாயினும், யார்க் ஆகிவிடும்.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. எண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. காலம் யாவற்றையும் ஆற்றிவிடும். வாழ்வின் வெற்றியே பழைய துயரத்துக்குப் பரிகாரம் என்று அது சொல்லும். இனிமையான சொற்கள்தாம், அவை உண்மையல்ல. காலம் சாட்சிகளை அகற்றுகிறது, குற்றத்தை அகற்றுவதில்லை. நேற்றுச் செய்த கொலை அநீதி என்றால், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததும் அதே அளவு அநீதியே. ஆண்டுகளின் எண்ணிக்கை நம் வேதனையைக் குறைக்கலாம், இறந்தவர்களுக்கு இழைக்கப்பட்டதைக் குறைக்க வழியில்லை. அதற்கும் மேலாக, நம் மகிழ்ச்சி அவர்களுடைய துன்பத்துக்கு ஈடாயிற்று என்று சொல்லத் துணிவோமானால், அவர்கள் நமக்காகத்தான் துன்புற்றார்கள் என்று சொல்பவர்களாவோம். நம் பிற்பகல் நேரத்தின் உல்லாசத்துக்கு அவ்வளவு பெரிய விலையை அவர்கள் கொடுத்ததாகக் கணக்கெழுத நாம் யார்?

இங்கேதான் மன்னிப்பைப் பற்றிய வினா எழுகிறது. ரபி யோம் தோவ் ஒரு கவிஞர். பாபத்தை அறிக்கையிட்டு இறைவனுடைய மன்னிப்பை இறைஞ்சும் அவருடைய பாடலாகக் கருதப்படும் ஒன்றை, யூதர்களின் மகா பிராயச்சித்த நாள் பிறக்கும் இரவில் இன்றும் பல தேவாலயங்களில் ஓதுகிறார்கள். கொலைஞர்கள் சாவுக்குத் தள்ளியவர், எட்டு நூற்றாண்டுகளாக, உலகத்தின் பல பாகங்களில், மனிதர்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அதே பிராயச்சித்த நாளைப் பற்றி அவர்களுடைய பழைய தர்ம நூலான மிஷ்னா கூறும் விதி மிகவும் கண்டிப்பானது: மனிதன் இறைவனுக்குச் செய்த பிழையை அந்நாள் போக்கும், மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையை, பிழைக்கு ஆளானவனை அணுகி அவன் மனத்தை ஆற்றும் வரையில் அந்நாளும் போக்காது. கொலையின் கொடுமை முழுவதும் இவ்விதியில் அடங்கியிருக்கிறது. மன்னிக்கக்கூடிய ஒரே மனிதனைத்தான் கொலைகாரன் இல்லாமலாக்கிவிட்டான். ஆதலால் அவ்விரவின் குற்றத்தை மன்னிக்கும் உரிமை இன்று பூமியில் எவருக்கும் இல்லை. பார்க்கப்போன நமக்கு அணுவளவும் இல்லை.

அப்படியானால், பின்வந்தவர்கள் மன்னிப்புக் கேட்பதில் பொருள் உண்டா? யூதர்கள் தனி அடையாளச் சின்னம் அணியவேண்டும் என்று 1222-இல் ஆக்ஸ்ஃபர்டில் கூடிய சபை விதித்தது. அதன் எண்ணூறாம் ஆண்டான 2022-இல், இங்கிலாந்துத் திருச்சபை அதே ஊரில் ஒரு வழிபாடு நடத்தித் தன் பச்சாத்தாபத்தைத் தெரிவித்தது. ரோமாபுரியிலிருந்து பிரிந்த ஆங்கிலத் திருச்சபையே 1222-இல் கிடையாதே, செய்யாதவர்கள் எப்படி மன்னிப்புக் கேட்கலாம் என்று சிலர் வினவினார்கள். அவ்வழிபாடு பொருந்தியதே என்பது என் துணிபு. பிதிரார்ஜிதமாக வந்த ஆலயங்களையும் நிலங்களையும் மரியாதையையும் ஏற்றுக்கொள்கிறவர், அவற்றோடு வந்த கடனை மட்டும் எனதன்று என்று தள்ளுவது நியாயமாகாது. வினை வம்சத்தில் இறங்குவதில்லை, பொறுப்பு இறங்குகிறது. முன்னோர் செய்த கொலைக்காகப் பேரன் தண்டனைக்கு உரியவன் அல்லன்; ஆனால் அது நடந்தது என்று சொல்லும் கடமைக்கு உரியவன்.

இந்தச் சொல்லும் கடமையிலேயே நாம் தேடும் நெறி இருக்கிறது. அதை வகுத்துத் தந்தவர்களும் அந்தக் கோபுரத்தில் மாண்ட ஜனங்களே என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது. பாஸ்கா என்பது, எகிப்து தேசத்தில் அடிமைப்பட்டிருந்த தங்கள் முன்னோரை இறைவன் விடுவித்ததை யூதர்கள் கொண்டாடும் விழா. அவ்விழாவின் முதல் இரவில் குடும்பம் முழுவதும் ஒரே விருந்துக்கு அமர்கிறது. உண்ணத் தொடங்குமுன் அவ்வீட்டின் மிக இளைய குழந்தை, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எதனால் வேறுபட்டது என்று கேட்கவேண்டும். கேட்டால் பெரியவர்கள் அடிமைத்தனத்தின் கசப்பையும் விடுதலையின் களிப்பையும் சேர்த்தே சொல்லவேண்டும். கசப்பான கீரையும் அவ்விருந்தில் உண்டு, திராட்சரசமும் உண்டு. எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, பெயருக்கு ஒரு துளியாகத் தம் கிண்ணத்து ரசத்தைச் சிந்திவிடுவது பலரிடம் வழக்கமாயிருக்கிறது. பகைவர் துன்பத்தால் நம் கிண்ணம் குறைவுறவேண்டும் என்பதே அதன் கருத்து என்று பிற்காலத்தார் பொருள் உரைக்கிறார்கள். கிண்ணம் குறைகிறது, ஆனால் விருந்து நிற்பதில்லை.

யார்க் நகரத்துக் குழந்தைகள் அக்கேள்வியைக் கேட்க இன்னும் சில நாட்களே இருந்தன. அவர்கள் கேட்கவில்லை, கேட்க விடப்படவில்லை. இதை எண்ணிப் பார்த்தால், அக்குன்றின்மேல் குழந்தைகளின் சிரிப்பு இறந்தவர்களுக்கு அவமரியாதை என்னும் எண்ணம் தானே விலகிவிடும். அங்கே அழிக்கப்பட்டது குழந்தைகள் ஓடுவதும் பெற்றோர் அவர்களை அழைப்பதும் கூடியுண்பதும் கேள்வி கேட்பதுமாகிய இல்வாழ்க்கையே. அவ்வாழ்க்கை அவ்விடத்தில் நிகழக்கூடாது என்று தடுத்தால், நாம் கொலைஞர்களின் காரியத்தை நீடிக்கச் செய்தவர்களாவோம். அவ்வாழ்க்கையைக் கேள்வியும் விடையும் இல்லாமல், வெறும் களிப்பாக மட்டும் அங்கே நடத்தினாலோ, இறந்தவர்களிடமிருந்து எஞ்சியிருந்த ஒன்றையும், அதாவது அவர்கள் இருந்தார்கள் என்ற செய்தியையும், நாமே பறித்தவர்களாவோம். களிப்பும் ஞாபகமும் ஒரே விருந்தில் அமரவேண்டும். இதுவே நான் கண்ட விடை.

நாங்கள் குடும்பமாக அங்கே சென்றிருந்தபோது, என் பேத்தி அந்த நினைவுக்கல்லின் எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, அவர்களுக்கு உதவி செய்ய ஒருவருமே வரவில்லையா?" என்று கேட்டாள். இறந்தவர் எத்தனை பேர், எப்படி இறந்தார்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. குழந்தைகளின் மனம் நீதியின் நடுநரம்பை நேராகச் சென்று தொட்டுவிடுகிறது. பச்சிளம் பருவத்தில் இரத்தத்தைச் சொல்லவேண்டியதில்லை; கைவிடப்பட்டார்கள் என்பதைச் சொல்லலாம், சொல்லவேண்டும். "வரவேண்டியவர்கள் இருந்தார்கள், கண்ணே, அவர்கள் வரவில்லை" என்று சொன்னேன். வளர வளரக் கடனைப் பற்றியும், வதந்தியைப் பற்றியும், கடவுள் பெயரால் மூட்டப்படும் வெறுப்பைப் பற்றியும் அவள் அறிந்துகொள்வாள். கேட்காத கேள்விக்கு விடை திணிப்பது எவ்வளவு தவறோ, கேட்ட கேள்விக்கு வேறு பக்கம் பார்ப்பது அதனினும் தவறு.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். இவ்வரலாற்றைக் கேட்ட குழந்தை, ஒரு மதத்தார் எப்போதும் கொடியவர், மற்றொரு மதத்தார் எப்போதும் துன்புறுபவர் என்னும் தப்பான பாடத்தோடு வீடு திரும்பிவிடக் கூடாது. அதே கோட்டையும் அதே பூங்காவும் அதற்கு மாற்றுப் பாடத்தையும் வைத்திருக்கின்றன. கத்தோலிக்க மடங்களை எட்டாம் ஹென்றி அழித்தபோது, அவற்றின் பொருட்டு வடநாட்டு ஜனங்களைத் திரட்டித் தலைமை தாங்கிய ராபர்ட் ஆஸ்க் என்பவரை 1537-இல் இதே குன்றினிடத்தில்தான் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். குடும்பங்கள் அமர்ந்து உண்ணும் பூங்காவிலுள்ள அந்த வளைவுகள், 1539-இல் துறவிகளிடமிருந்து பறிக்கப்பட்டுப் பாழான மடத்தின் எலும்புகள். யூதருடைய மரணத்தை எழுதிய நியூபர்க் வில்லியமும் யூத சமயத்தின்மேல் வெறுப்புற்றவரே. ஆயினும் அவர்களைக் கொல்லலாகாது என்ற தம் திருச்சபையின் உபதேசத்தில் ஊன்றி நின்று, கொன்றவர்களைப் பேராசைக்காரர் என்றும் கொடியவர் என்றும் மறைக்காமல் எழுதினார். மனத்தில் அன்பு பிறவாத நிலையிலும் உண்மைக்கு ஒருவன் விசுவாசமாக இருக்கமுடியும் என்பதற்கு அவர் சான்று. அந்த விசுவாசத்தால் அல்லவா இன்று நமக்கு இச்செய்தி கிடைத்திருக்கிறது!

மார்ச்சு மாதத்தில் அக்குன்றின் சரிவு முழுவதும் மஞ்சள் நிற டாஃபோடில் மலர்கள் பூத்துக் குலுங்கும். ஆறிதழ் கொண்ட அம்மலரை, ஆறுமுனைத் தாவீது நட்சத்திரத்தை நினைவூட்டுமாறு, மாண்டவர்களின் நினைவாகவே பிற்காலத்தில் அங்கே நட்டார்கள். அறியாதவர் அதை அழகென்று ரசிக்கிறார். அறிந்தவரும் அழகென்றே ரசிக்கிறார், அதனோடு ஒரு கணம் தலையும் தாழ்த்துகிறார். அறிவு அவருடைய இன்பத்தைக் கெடுக்கவில்லை. அதற்கு நேர்மையைத் தந்திருக்கிறது. 2014-இல் யார்க்கில் புதிதாக ஒரு யூத வழிபாட்டுச் சபை அமைந்தது. 2023-இல், 1290-க்குப் பின் முதன்முறையாக, அந்நகரத்துக்கு ஒரு ரபி வந்து சேர்ந்தார். விலக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஊரில் பாஸ்கா விருந்தின் கேள்வி மறுபடி கேட்கப்படுகிறது. இதனால் பழைய கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது தீராத கணக்கு. தீராத கணக்கை வைத்துக்கொண்டும் மனிதர்கள் ஒன்றாக வாழலாம் என்பதைத்தான் அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆகையால், கோட்டைக்கு வருகிற பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளை மேலே ஏறவிடுக. பூங்காவில் வயிறார உண்டு, மனமாரச் சிரித்திருக்க. அதற்கு முன்போ பின்போ, நினைவுக்கல்லின் அருகில் அவர்களோடு நின்று, கேட்டதற்கு விடை சொல்க. அவ்விரவின் முடிவு விதியால் நிர்ணயிக்கப்பட்டதன்று. கோட்டைத் தலைவன் தன் சொல்லால் அச்சத்தைப் போக்கியிருந்தால், ஷெரீப் படையை அழைக்க மறுத்திருந்தால், வெள்ளுடைத் துறவி பூசை முடித்த வாயால் கூட்டத்தைத் தடுத்திருந்தால், அந்த 150 பேரும் அடுத்த வாரம் பாஸ்கா கொண்டாடியிருப்பார்கள். இன்று படிகளில் ஓடும் குழந்தைகளில் சிலர் நாளைக்கு அதிகாரியாவார்கள், நீதிபதியாவார்கள், சமயகுருவாவார்கள். அடைக்கலம் தேடி ஒரு கூட்டம் கதவைத் தட்டும்போது அக்கதவின் திறவுகோல் அவர்களுடைய கையில் இருக்கும். அன்றைக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்பது, இன்றைக்கு நாம் அவர்களுக்கு என்ன சொல்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.